பொறி நிறைய ஈ விழுந்தும் மாம்பழத்தில் புழு ஏன்?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 38. ஓசூரில் தொழிற்சாலை வேலை. அப்பா காலமான பிறகு நான்கு ஏக்கர் மாந்தோப்பு இவர் பொறுப்புக்கு வந்திருக்கிறது. மொத்தம் 160 மரங்கள்: பாதிக்கு மேல் பெங்களூரா, மீதி பங்கனப்பள்ளியும் செந்தூராவும், கிணற்றோரம் இருபது நீலம். அப்பா காலத்தில் வருடா வருடம் பூ விட்டதுமே குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். இந்த வருடம் இவர் துணிந்து தானே பறித்து, ஐந்து கிலோ அட்டைப்பெட்டியில் போட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நேரடியாக அனுப்பினார். முதல் இரண்டு முறை நல்ல பெயர். ஜூன் நடுவில் இரண்டு மழை பெய்தது. அதற்கப்புறம் போன பெட்டிகளில்தான் வினை. “ஒரு அம்மா பழத்தை வெட்டி வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். புழு தட்டிலிருந்து துள்ளி மேசையில் விழுகிறது. அதை என் மகளும் பார்த்தாள்” என்று எழுதியிருக்கிறார்.

ஒன்றும் செய்யாமல் இருந்தவர் இல்லை இவர். மே கடைசி வாரத்தில் பன்னிரண்டு பழ ஈப் பொறிகள் வாங்கிக் கட்டியிருக்கிறார். பொறிக்குள் ஈ குவியல் குவியலாக விழுந்தது, கை நிறைய அள்ளிக் கொட்டியிருக்கிறார். அப்படியும் புழு. உறவினர் ஒருவர், “பொறி கட்டி ஊர் ஈயை எல்லாம் நீயே கூப்பிட்டு வைத்துக்கொண்டாய்” என்று சொல்லியிருக்கிறார். மருந்துக்கடையில் “அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் ஒரு அடி அடித்தால் புழு உள்ளேயே செத்துவிடும்” என்று ஒரு புட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். மண்டி வியாபாரி ஒருவர், “கல் வைத்துப் பழுக்க வை, சூட்டில் புழு தங்காது” என்கிறார். பக்கத்துத் தோப்பு பெரியப்பா மகனுடையது. அவர் பெங்களூரில் இருக்கிறார்; தோப்பு இரண்டு வருடமாகக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. உதிர்ந்த பழம் பாய் விரித்த மாதிரி கிடக்கிறதாம். அவர் மேல் எங்காவது புகார் கொடுக்க முடியுமா, அந்தப் புட்டியை எந்த அளவில் கலந்து அடிப்பது, பொறியைக் கழற்றிவிடலாமா என்பவை இவருடைய கேள்விகள். கடைசி வரியில், அந்தப் பழத்தைத் தின்றவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்ற பயமும் இருக்கிறது.

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிப் பயத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது போலிருக்கிறது. பழ ஈப் புழு பழத்தைத் தின்னும் பிராணி. தெரியாமல் ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போனால் அருவருப்புதான், ஆபத்தில்லை. நாம் எல்லோருமே சின்ன வயதில் மரத்தடியில் பொறுக்கித் தின்ற பழத்தோடு எத்தனையோ தின்றிருப்போம். பணம் கேட்டவர்களுக்குப் பணத்தையோ, வேறு பெட்டியையோ கொடுத்துவிடுங்கள். “பழ ஈ குத்தியிருக்கிறது, வெளியிலிருந்து தெரியவில்லை” என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இதில் நீங்கள் மட்டும் தலைகுனிய ஒன்றுமில்லை. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையே உள்ளே விடவில்லை, ஞாபகமிருக்கிறதா? அல்போன்சா ஏற்றுமதி செய்யும் பெரிய ஆட்களின் சரக்கிலும் பழ ஈ இருந்ததுதான் காரணங்களில் ஒன்று. 2015 தொடக்கத்தில்தான் தடையை விலக்கினார்கள். வெளியே தங்கம் மாதிரி இருக்கும் பழத்துக்குள் இருப்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது அவர்களுக்கும் முடியவில்லை.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காண்போம்

கடிதத்தில் ஒரு இடத்தில் “கொட்டையிலிருந்து புழு கிளம்பி சதைக்கு வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பூச்சிகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். கொட்டைக்குள் இருப்பது கூன்வண்டு. அது காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தோலில் முட்டை வைத்துவிடும். புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய் அங்கேயே வளரும். துளையும் ஆறிவிடும். சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது, கொட்டையை உடைத்தால்தான் கறுப்பாக ஒரு வண்டு. உங்கள் வீடியோவில் துள்ளியது அதுவல்ல.

துள்ளுவது பழ ஈயின் புழு. அரிசி மாதிரி வெள்ளையாக, கால் இல்லாமல், ஒரு முனை கூர்ந்திருக்கும். முற்றியதும் உடம்பை வளையமாக மடக்கி, வாயையும் வாலையும் சேர்த்துப் பிடித்து, சுண்டிவிட்ட மாதிரி எகிறும். அப்படி எகிறுவதற்கு அதற்கொரு காரணம் இருக்கிறது. அது மண்ணைத் தேடுகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பெண் ஈ முற்றிய காயின் தோலில், வால் பக்கம் இருக்கும் ஊசியால் குத்தி, தோலுக்கு அடியில் முட்டைகளைச் சொருகுகிறது. குத்திய இடத்தில் குண்டூசி முனை அளவு புள்ளி, சில சமயம் ஒரு துளி பிசின். ஒன்று முதல் மூன்று நாளில் முட்டை பொரிகிறது. புழு ஒரு வாரம் பத்து நாள் சதையைத் தின்கிறது. பழம் உதிர்கிறது. புழு வெளியே வந்து மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புகுந்து கூட்டுப்புழு ஆகிறது, பார்க்கக் கம்பு தானியம் மாதிரி இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் புது ஈ வெளியே வருகிறது. கோடைச் சூட்டில் முட்டையிலிருந்து ஈ வரை மூன்று நான்கு வாரம்தான். ஒரு பெண் ஈ ஆயுளில் பல நூறு முட்டை இடும். உங்கள் பங்கனப்பள்ளி முடிந்து பெங்களூராவும் நீலமும் வருவதற்குள் ஒரு தலைமுறை ஈ பிறந்து தயாராகிவிடுகிறது. மழை பெய்து மண் ஈரமானால் அதற்கு இன்னும் வசதி. முதல் இரண்டு முறை தப்பித்து, ஜூன் மழைக்கப்புறம் மாட்டிக்கொண்டதன் கணக்கு இதுதான்.

இன்னொன்று. அழுகின பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிவப்புக் கண் கொசு ஈக்களைப் பார்த்துவிட்டு, அதுதான் பழ ஈ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது வேறு, அது புளித்த பழத்துக்கு வருவது. நம் எதிரி வீட்டு ஈ அளவு இருக்கும். பழுப்பு உடம்பு, முதுகில் மஞ்சள் பட்டை, இறகு கண்ணாடி மாதிரி. சட்டென்று பார்த்தால் சின்னக் குளவி என்று நினைப்பீர்கள். உங்கள் பொறியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள், இந்த வர்ணனை பொருந்தும்.

பொறி பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் அதிகம் எதிர்பார்த்தீர்கள்

பொறிக்குள் இருக்கும் கட்டையில் ஊறியிருப்பது மெத்தில் யூஜெனால் என்ற வாசனைப் பொருள். அது எப்படிக் கிடைத்தது என்பது சுவையான கதை. 1912 வாக்கில் பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெட் என்று ஒரு பூச்சியியலாளர் இருந்தார். பக்கத்தில் ஒருவர் கொசு கடிக்காமல் இருக்கக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெய் தெளித்துக்கொண்டாராம். கொசு போனதோ இல்லையோ, பழ ஈக்கள் கைக்குட்டையில் வந்து அப்பிக்கொண்டன. ஹவ்லெட் பிடித்துப் பார்த்தால் அத்தனையும் ஆண். எண்ணெய்க்குள் எந்தப் பொருள் இழுக்கிறது என்று தேடிப் போய் மெத்தில் யூஜெனாலைக் கண்டுபிடித்தார். துளசியிலும் அது கொஞ்சம் இருக்கிறது. கசக்கின துளசியைப் பொறியில் போடும் பழக்கம் அதனால் வந்ததுதான்.

அத்தனையும் ஆண். நீங்கள் அள்ளிக் கொட்டியதில் முட்டை இடும் ஈ அநேகமாக ஒன்றுகூட இல்லை. ஆண்களை ஒழித்தால் பெண்களுக்கு இணை கிடைக்காது, முட்டை பொரிக்காது என்பதுதான் இந்தப் பொறியின் தத்துவம். அது பலித்த இடம் உண்டு. பசிபிக் கடலில் ரோட்டா என்று ஒரு சின்னத் தீவு. 1960-களில் இதே மருந்தும் விஷமும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, தீவிலேயே இந்த ஈ இல்லாமல் ஆக்கினார்கள். ஆனால் ரோட்டாவைச் சுற்றிக் கடல். உங்கள் தோப்பைச் சுற்றி உங்கள் அண்ணன் தோப்பு. அங்கே இணை சேர்ந்த பெண் ஈ வேலி தாண்டி வந்து உங்கள் பழத்தில் குத்துவதை உங்கள் பொறியால் தடுக்க முடியாது.

நேரமும் தவறிவிட்டது. மே கடைசி வாரத்தில் கட்டும்போது பெண் ஈக்கள் இணை சேர்ந்து வேலையைத் தொடங்கியிருக்கும். அறுவடைக்கு 45 முதல் 60 நாள் முன்னாலேயே பொறி தோப்பில் தொங்க வேண்டும். நான்கு ஏக்கருக்குப் பன்னிரண்டும் போதாது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு 25, அதாவது ஏக்கருக்குப் பத்து.

உறவினர் சொன்னதில் கால்வாசி உண்மை. பக்கத்துத் தோப்பு ஆண் ஈயையும் உங்கள் பொறி இழுக்கும்தான். ஆண் ஈ வந்தால் என்ன நஷ்டம்? அது குத்துவதில்லை. ஆகவே பொறியைக் கழற்றாதீர்கள். அடுத்த பருவத்துக்கு நாற்பது கட்டுங்கள். ஐந்தாறு அடி உயரத்தில், உள்கிளையில், நிழலில். வெயில் படுகிற இடத்தில் கட்டினால் மருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். கட்டும் கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்; இல்லாவிட்டால் எறும்பு செத்த ஈயைத் தூக்கிக்கொண்டு போய்விடும், கணக்கு தப்பும். கட்டையை அதன் உறையில் அச்சிட்டிருக்கும் நாள் கணக்குப்படி மாற்றுங்கள். வாங்கும்போது “மா, கொய்யாவுக்கு” என்று கேட்டு வாங்க வேண்டும். பாகல், புடலைக்கு விற்கும் கட்டை வேறு, அதற்கு இந்த ஈ வராது.

அந்தப் புட்டியைப் பற்றி

அளவு கேட்டிருந்தீர்கள். நான் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புழு சதைக்குள் இருக்கிறது. நீங்கள் அடிக்கும் மருந்து தோலில் இருக்கிறது. உள்ளே போய்ப் புழுவைக் கொல்லும் அளவுக்கு ஒரு மருந்து சதையில் ஊறினால், அதே சதையைத்தான் பெட்டி வாங்கினவர் வீட்டுக் குழந்தை தின்னப்போகிறது. “உள்ளேயே செத்துவிடும்” என்று கடைக்காரர் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். செத்த புழு இருக்கும் பழத்தை மட்டும் அந்த அம்மா வீடியோ எடுக்காமல் விடுவாரா?

புட்டியின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். அந்த லேபிளில் மா என்ற பயிர்ப் பெயரே இல்லை. எந்தப் பூச்சிக்கொல்லியாக இருந்தாலும் லேபிளில் பயிர் இருக்க வேண்டும், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற காத்திருப்புக் காலம் இருக்க வேண்டும், கையில் பில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். பழைய ஆட்கள் இன்னும் மோனோகுரோட்டோபாஸ் பெயரைச் சொல்வார்கள். அதன் 36 சதவீதத் திரவத்தை நிறுத்துவதற்கு மத்திய அரசு 2023-லேயே ஆணை போட்டுவிட்டது. எங்காவது மூலையில் மிச்சம் இருந்து யாராவது எடுத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அடிக்கிற ஆள் உங்கள் தோப்புக் கூலிக்காரர், அவர் முகத்தில் துண்டு மட்டும்தான் கட்டியிருப்பார்.

குத்தகைக்கு விட்ட காலத்தில் யார் என்ன அடித்தார்கள் என்று உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்காது. இப்போது பெட்டி மேல் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்கிறது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பழத்தில் அடிக்காமல், ஈ தேடி வந்து தின்னும்படி வையுங்கள். புதிதாகப் பிறந்த பெண் ஈ உடனே முட்டை இடாது. ஒரு வாரத்துக்கு மேல் இனிப்பும் புரதமும் தேடித் தின்று திரியும். அந்த வாரம்தான் நமக்குக் கிடைத்த இடைவெளி. லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வெல்லம் கரைத்து, மாமரத்துக்கு அனுமதி உள்ள மருந்தை லேபிளில் உள்ள அளவுக்குச் சேர்த்து, அடிமரத்திலும் கீழ்க்கிளை இலையிலும் பெரிய பெரிய துளியாகத் தெளிக்க வேண்டும். மரம் முழுக்க நனைக்க வேண்டாம். ஒரு மரத்துக்கு நாலு கை வீச்சு போதும். காய் முற்றத் தொடங்கும்போது ஆரம்பித்து வாரத்துக்கு ஒரு முறை, மழை கழுவிவிட்டால் மறுபடி. பழத்தில் படக் கூடாது. பக்கத்தில் யாராவது தேனீப் பெட்டி வைத்திருந்தால் இந்த வெல்ல வேலையை விட்டுவிடுங்கள். எந்த மருந்து என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ, பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டு முடிவு செய்யுங்கள். அனுமதிப் பட்டியல் அவ்வப்போது மாறுகிறது, நான் இன்று எழுதும் பெயர் அடுத்த வருடம் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

கல் வைக்கிற யோசனைக்கு ஒரு பத்தி போதும். கால்சியம் கார்பைடால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. புழுவையும் அது கொல்லாது. காய் சீக்கிரம் மெத்தென்று ஆகும், புழுவுக்கு விருந்து. பழுக்க வைக்க வேண்டுமானால் எத்திலீன் வாயு அறைக்கு அனுமதி உண்டு. முட்டையையும் சின்னப் புழுவையும் கொல்லத்தான் வேண்டும் என்றால் வெந்நீர் இருக்கிறது. 48 டிகிரி செல்சியஸ் நீரில் 60 நிமிடம் மூழ்க வைப்பது ஏற்றுமதிக்காரர்கள் செய்யும் முறை. அதற்குச் சூடு ஏறாமல் இறங்காமல் காக்கும் தொட்டி வேண்டும். அண்டாவில் கொதிக்க வைத்து, கை வைத்துச் சூடு பார்த்துச் செய்தால் பழம் வெந்துதான் போகும். நான்கு ஏக்கருக்குத் தனியாக வாங்கச் சொல்ல மாட்டேன். பத்துப் பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

சண்டை தரையில் நடக்கிறது

பொறி, மருந்து, கல் எல்லாவற்றையும் கேட்ட நீங்கள், உங்கள் சொந்த மரத்தடியில் உதிர்ந்ததை என்ன செய்தீர்கள் என்று ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: “பொறுக்கி வரப்போரம் குழியில் போட்டோம்.” அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

குழியில் கொட்டி, மேலே மண் தள்ளாமல் விட்ட பழத்திலிருந்து புழு துள்ளி, குழியின் பக்கவாட்டு மண்ணுக்குள் போய், பன்னிரண்டாம் நாள் ஈயாகப் பறந்திருக்கும். நீங்கள் பழ ஈயை ஒரே இடத்தில் சேர்த்து வளர்த்திருக்கிறீர்கள். பொறியில் கை நிறைய விழுந்ததில் ஒரு பங்கு அந்தக் குழி போட்ட ஈ என்றே நினைக்கிறேன். எருக்குழியில் போட்டாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது சிரமமான வேலை இல்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டியது. காலையில் உதிர்ந்ததைப் பொறுக்கி, கறுப்பு பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, வெயிலில் பாறை மேல் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் உள்ளே எல்லாம் வெந்து கூழாகிவிடும். அதை அப்புறம் எருவில் சேர்த்துக்கொள்ளலாம். பையில்லாவிட்டால் இரண்டடிக்கு மேல் ஆழமாகப் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். வாரம் ஒரு முறை பொறுக்குவது பொறுக்காததற்குச் சமம். உதிர்ந்து ஓரிரு நாளிலேயே புழு மண்ணுக்குள் போய்விடும், நீங்கள் எடுப்பது வெறும் கூடு. நீங்கள் சனி, ஞாயிறுதான் ஊருக்கு வருகிறீர்கள் என்பதால் இதைத் தினக்கூலிக்கு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். புட்டிக்குக் கொடுக்கும் பணத்தை இந்தக் கூலிக்குக் கொடுங்கள்.

மரத்தடி மண்ணை அறுவடை முடிந்ததும் ஒரு முறை, காய் பிடித்த பிறகு ஒரு முறை லேசாகக் கொத்திவிடுங்கள். கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் காயும், மைனாவும் பொறுக்கும். உங்கள் அம்மா வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பகலில் தோப்பில் விடுங்கள், கொத்திவிட்ட மண்ணில் கோழி செய்யும் வேலையை ஆள் வைத்தாலும் செய்ய முடியாது. கிணற்றோரம் இருக்கும் இரண்டு கொய்யா மரங்களையும் மறக்கக் கூடாது. மா இல்லாத மாதங்களில் பழ ஈ குடியிருப்பது கொய்யாவில்தான். வெட்டச் சொல்லவில்லை. கனிந்ததை மரத்தில் விடாமல் பறித்துத் தின்றுவிடுங்கள், ஒரு பொறியை அங்கே வருடம் முழுக்கத் தொங்கவிடுங்கள்.

முசுறு எறும்பு இருந்தால் அதன் கூட்டைக் கலைக்காதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் அதன் நெருங்கிய உறவான எறும்பு உள்ள மரங்களில் பழ ஈச் சேதம் கணிசமாகக் குறைந்ததை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பறிக்க ஏறும் ஆட்கள் என்னை ஏசுவார்கள் என்பதும் தெரியும். ஒரு மரத்தில் இருபது கடி வாங்கி இறங்கியவள் நான்.

அறுவடையிலும் இரண்டு சின்ன மாற்றம். பழம் மரத்தில் மஞ்சள் தட்டும் வரை விடாதீர்கள். நன்றாக முற்றியதும், தோல் கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள். நீலத்தைச் “சுவை ஏறட்டும்” என்று ஒரு வாரம் கூடுதலாக விட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஈக்கும் சுவை ஏறும்தானே? அப்புறம், பறித்த அன்றே பெட்டி கட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள். குத்து விழுந்த இடம் அதற்குள் நீர்க்கோர்த்து மெத்தென்று ஆகும், விரலால் அழுத்தினால் தெரியும். அதைக் கழித்துவிட்டுக் கட்டினால் வீடியோ வராது. பங்கனப்பள்ளி மாதிரி விலை போகிற பழத்துக்கு, காய் எலுமிச்சை அளவைத் தாண்டியதும் காகித உறை போடுவதையும் ஒரு வருடம் ஐந்து மரத்தில் சோதித்துப் பாருங்கள். ஈ கிட்டவே வராது, தோலும் கறையில்லாமல் வரும். கூலி ஏறும் என்பதால் பெங்களூராவுக்குக் கட்டாது.

பெரியப்பா மகன் தோப்பு

சட்டம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. 1919-ஆம் ஆண்டின் வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம். சென்னை மாகாண காலத்தது. ஒரு பூச்சியை ஒரு பகுதியில் ஆபத்தானது என்று அரசு அறிவித்தால், அங்கே நிலம் வைத்திருப்பவர் எல்லோரும் சொன்ன நடவடிக்கையை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அதிகாரிகளே எடுத்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம். ஆனால் அரசு அறிவிக்கை முதலில் வர வேண்டும். “என் அண்ணன் பழம் பொறுக்கவில்லை” என்று நீங்கள் தனியாக ஒரு மனு கொடுத்து இந்தச் சட்டத்தை ஓடவைக்க முடியாது. நஷ்ட ஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தோப்பு ஈதான் உங்கள் பழத்தைக் குத்தியது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? ஈயிடம் பட்டாவா இருக்கிறது? அவர் கேட்டாலும் கேட்பார்: “உன் வரப்பு ஈதான் என் பழத்தைக் குத்தியது.” அந்தக் குழியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலில் வேலி தாண்டிப் போய் நீங்களே பொறுக்குவதோ, அந்தப் பக்கம் மருந்து தெளிப்பதோ கூடாது. அனுமதியில்லாமல் நுழைந்தீர்கள் என்று பேச்சு மாறிவிடும். பங்கு பிரித்ததில் ஏற்கெனவே மனக்கசப்பு இருப்பதைக் கடிதத்தில் மறைத்திருக்கிறீர்கள், ஆனாலும் தெரிகிறது.

நான் சொல்வது வேறு வழி. அண்ணன் தோப்பில் இந்த வாரம் உதிர்ந்த ஐந்து பழத்தை அவர் சம்மதத்தோடு எடுங்கள், உங்கள் தோப்பிலிருந்தும் ஐந்து எடுங்கள். இரண்டு பிளாஸ்டிக் வாளியில் நான்கு விரல் உயரம் ஈர மணல் போட்டு, பழத்தை அதன் மேல் வைத்து, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் நிழலில் இருக்கட்டும். ஐந்தே பழத்திலிருந்து எத்தனை ஈ வருகிறது என்று எண்ணி, துணிக்கு அடியில் அவை மொய்ப்பதை வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள். உங்கள் வாளியையும் சேர்த்தே அனுப்புங்கள், அப்போதுதான் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்காது. நான் வேலையில் இருந்தபோது ஊர்க் கூட்டங்களில் எந்தப் பேச்சுக்கும் அசையாதவர்கள் இந்த வாளிக்கு அசைந்தார்கள்.

அப்புறம் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். உங்கள் ஆளே அவர் தோப்பிலும் பொறுக்க அனுமதி, கூலி உங்களுடையது. எல்லையோரம் இரண்டு வரிசை மரத்தில் உங்கள் செலவில் பொறி. அவர் அடுத்த வருடம் தோப்பைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தால், குத்தகைச் சீட்டில் “உதிர்ந்த, பறிக்காமல் விட்ட பழத்தைக் குத்தகைதாரர் அப்புறப்படுத்த வேண்டும்” என்று ஒரு வரி. கூலியை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் இந்தச் சீசனில் திருப்பிக் கொடுத்த பெட்டிப் பணத்தைக் கூட்டிப் பாருங்கள். அவர் முடியவே முடியாது என்றால், எல்லையோர வரிசைகளில் பொறியையும் வெல்லத் தெளிப்பையும் இரட்டிப்பாக்குவதைத் தவிர வழியில்லை. அப்போதும் சேதம் குறையும், அற்றுப்போகாது.

இப்போதைக்கு உங்கள் மரத்தில் நீலம் மிச்சம் இருப்பதாகச் சொன்னீர்கள். முற்றியதை எல்லாம் இந்த வாரமே இறக்கிவிடுங்கள், கடைசிக் கிளையில் “குருவிக்கு இருக்கட்டும்” என்று பத்துப் பழம் விடுவீர்களே, அதையும் சேர்த்து. வரப்போரக் குழியில் மேலே இரண்டடி மண் தள்ளி மிதித்துவிடுங்கள். வாளி வைத்தால் எத்தனை ஈ வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.